எந்த முத்திரைக்குக் கூடுதல் காசு கொடுப்பது?

எங்கள் வீட்டு வரவு செலவு நோட்டில் ஜனவரியிலிருந்து ஒரு புது வரி இருக்கிறது: ‘நல்ல பொருளுக்கு, 2,000’. மருந்தடிக்காத பருப்பு, கைத்தறிப் புடவை, கரண்ட் குறைவாக இழுக்கிற ஃபேன் என்று எதுவாக இருந்தாலும் சரி, சாதாரணப் பொருளைவிட அதற்குக் கூடுதலாக ஆகும் செலவு மாதம் இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். நங்கநல்லூரில் வாடகை வீட்டில் இரண்டு சம்பளத்தில் ஓடுகிற குடும்பம். இதற்கு மேல் இழுத்தால் பள்ளிக்கூட ஃபீஸில் கை வைக்க வேண்டிவரும்.

முதல் சனிக்கிழமையே சூப்பர் மார்க்கெட்டில் முழித்துக்கொண்டு நின்றேன். பருப்பில் இலை, டீயில் தவளை, ஷாம்பூவில் முயல், நோட்டுப் புத்தகத்தில் மரம். என் மாமியார் பருப்பு பாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இலை படம் யாரு வேணா போடலாம். இதை யாரு போட்டான்னு பாரு” என்றார். பின்பக்கம் கடுகு மாதிரி எழுத்து. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தோம். அந்த இலை எந்தச் சான்றும் இல்லை. கம்பெனியே வரைந்துகொண்ட படம். பாக்கெட் அலமாரிக்குத் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், கடைக்காரர்களைக் கேட்டேன், ஒரு தடவை ஏமாந்தேன். கடைசியில் எந்த முத்திரையைப் பார்த்தாலும் இரண்டு விஷயத்தைத்தான் பார்க்கிறேன். முத்திரை சொல்லும் குணம் பொருளுக்குள்ளேயே இருக்கிறதா, இல்லை பொருள் வந்த வழியில் இருக்கிறதா? உள்ளே இருந்தால் யாராவது ஒரு நாள் அளந்து பார்க்கலாம். வந்த வழியில் இருந்தால் யாரோ எழுதிய காகிதத்தைத்தான் நம்ப வேண்டும். அடுத்தது, அந்த முத்திரையை எல்லாரும் ஒட்டியாக வேண்டுமா, விருப்பப்பட்டவர் மட்டும் பணம் கட்டி ஒட்டிக்கொள்கிறாரா?

ஸ்டார் ஸ்டிக்கர்

இரண்டிலும் தேறுவது மின்சாதனங்களில் ஒட்டும் ஸ்டார் ஸ்டிக்கர். எரிசக்தித் திறன் பணியகம் என்கிற பி.இ.இ. 2006-இல் இதைத் தொடங்கியது. 2010-இல் ஏ.சி.க்கும் ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜுக்கும் கட்டாயமாக்கினார்கள். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் கட்டாயம். கட்டாயம் என்பதால் மட்டமான பொருளும் ‘நான் ஒரு ஸ்டார்’ என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டுதான் கடையில் உட்கார வேண்டும். விருப்பப்பட்டவர் மட்டும் ஒட்டும் முத்திரைகளில் இந்த வசதி கிடையாது. தவளை (ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பின் முத்திரை) இல்லாத டீ மோசமான டீயா, இல்லை தவளைக்குப் பணம் கட்டாத டீயா என்று நமக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பாக்கெட்டில் இருக்கும் சைவப் பச்சைப் புள்ளியை நாம் யோசிக்காமல் நம்புவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஏறக்குறைய எல்லா பாக்கெட்டிலும் பச்சையோ பழுப்போ ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும்.

ஓட்டை இல்லாமல் இல்லை. ஏ.சி. ஸ்டிக்கரில் ‘வருடத்துக்கு இத்தனை யூனிட்’ என்று போட்டிருப்பது 1,600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில். சென்னையில் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை இரவு எட்டு மணி நேரம் ஓட்டினாலே 1,900-ஐத் தாண்டிவிடும். இரண்டு ஏ.சி.யை ஒப்பிட அந்த எண் போதும், பில்லை முன்கூட்டிச் சொல்ல உதவாது. இன்னொன்று, ஸ்டார் என்பது அதே வகைக்குள் ஒப்பீடு. ஃபைவ் ஸ்டார் ஒன்றரை டன் ஏ.சி., த்ரீ ஸ்டார் ஒரு டன்னைவிட அதிகக் கரண்ட் இழுக்கலாம்.

நான் ஏமாந்தது இங்கேதான். தி.நகரில் ஒரு கடையில் ‘ஃபைவ் ஸ்டார், ஆஃபர் விலை’ என்று ஃபிரிட்ஜ் வாங்கினோம். வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரை நிதானமாகப் பார்த்தால், லேபிளின் காலம் முடிந்து வெகு நாளாகியிருந்தது. பி.இ.இ. சில வருடத்துக்கு ஒருமுறை அளவுகோலை ஏற்றுகிறது. 2022 ஜூலையில் ஏ.சி.க்கு ஏற்றியபோது நேற்று வரை ஃபைவ் ஸ்டாராக இருந்தது மறுநாள் ஃபோர் ஸ்டார் ஆனது. குடோனில் தேங்கிய பழைய சரக்குதான் எங்களுக்கு ஆஃபரில் வந்திருக்கிறது. ஸ்டார் எத்தனை என்று எண்ணுவதற்கு முன்னால் எந்த வருட ஸ்டார் என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பி.இ.இ.யின் ஆப்பில் மாடல் பெயரைப் போட்டால் உண்மை தெரிந்துவிடும், கடையில் நின்றபடியே.

ஆனாலும் காசு கொடுத்தால் திரும்பி வருகிற ஒரே முத்திரை இது. எங்கள் வீட்டில் நான்கு ஃபேன். பழையது 75 வாட்ஸ், புதிதாக மாட்டிய பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்ஸ். ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 108 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும் என்பது பில் கட்டுகிற எல்லாருக்கும் தெரியும். 560-இல் நின்ற எங்கள் பில் 500-க்குக் கீழே இறங்கியது. நான்கு ஃபேனுக்குக் கூடுதலாக ஆனது 5,200 ரூபாய். யூனிட்டுக்குச் சராசரியாக ஐந்தரை ரூபாய் வைத்தாலே ஒன்றரை வருடத்தில் வசூல். வாடகை வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம் என்பது என் கணவர் சேர்த்துக்கொண்ட லாபம்.

ஆர்கானிக்: சான்றா, சகவிவசாயியா, நேரடியா?

அதிகம் மண்டை காய்ந்தது இதில்தான். சாதா துவரம் பருப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் விலை. மாதா மாதம் போகிற செலவு.

முதலில் வார்த்தைகளைக் கழித்துவிடலாம். ‘நாட்டு’, ‘பாரம்பரிய’, ‘மரச்செக்கு’, ‘நேச்சுரல்’, ‘கெமிக்கல் ஃப்ரீ’ எதுவுமே சான்று ஆகாது. மரச்செக்கில் ஆட்டினார்கள் என்றால் ஆட்டிய விதம் அது. கடலைக்கு என்ன அடித்தார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ‘ஆர்கானிக்’ என்று போட்டு பாக்கெட்டில் விற்பதற்கு மட்டும் சட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி இரண்டு வழிகளில் ஒன்றில் சான்று வாங்கியிருக்க வேண்டும்; பாக்கெட்டில் ஜைவிக் பாரத் முத்திரை இருக்க வேண்டும்.

ஒரு வழி என்.பி.ஓ.பி. என்கிற தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம். மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கும் வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபேடா நடத்துவது, 2001-இலிருந்து இருக்கிறது. வெளியாள் வந்து வயலையும் பதிவேட்டையும் பார்த்துச் சான்று தருவார். தனியார் நிறுவனங்களும் தருகின்றன, கோயம்புத்தூரில் இருக்கும் நம் மாநில விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையும் தருகிறது. அரசாங்கத் தமிழில் ஆர்கானிக் என்றால் ‘அங்ககம்’. இந்த வார்த்தையைச் சொல்லிப் பருப்பு கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். ஒரு வருடப் பயிருக்கு இரண்டு வருடம், மா, தென்னை போன்றவற்றுக்கு மூன்று வருடம் ரசாயனம் இல்லாமல் நடத்திக் காட்டிய பிறகுதான் முழுச் சான்று.

இன்னொரு வழி பி.ஜி.எஸ்., வேளாண் அமைச்சகத்தினுடையது. பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் சோதித்துச் சான்று சொல்வது. கட்டணம் கட்டி ஆய்வாளரை வரவழைக்க முடியாத சிறு விவசாயிக்காக வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்று போட்டிருந்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மாறிக்கொண்டிருக்கிற வயல், இன்னும் தேறவில்லை. தேறியது ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’.

கேட்டவுடன் வெளியாள் சான்றுதான் கறார் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வெளியாளுக்குச் சம்பளம் வருவது, சான்று கேட்கிறவர் கட்டுகிற பணத்திலிருந்து. குழுவாக 500 விவசாயிகள் வரை ஒரே சான்றில் வரலாம். அப்போது அவர் எல்லா வயலுக்கும் போவதில்லை, மாதிரிக்குச் சில வயல்களைப் பார்க்கிறார், மற்றதைக் குழுவே பார்த்துக்கொள்கிறது. 2021 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை, அபேடாவின் அங்கீகாரத்தை இனி ஏற்க முடியாது என்று அறிவித்தது. இந்திய ஆர்கானிக் சரக்கு அங்கே போக வேண்டுமானால் அவர்களுடைய முறையிலேயே சான்று வாங்க வேண்டும் என்றாயிற்று. பருத்தியில் இன்னும் மோசம். ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் அமைப்பே 2020-இல் இந்தியாவில் போலிச் சான்றிதழ் மோசடியைக் கண்டுபிடித்து, 20,000 டன் பருத்தி என்று கணக்குச் சொல்லி, 11 நிறுவனங்களைத் தடை செய்தது. மூடி மறைக்காமல் தாங்களாகவே வெளியிட்டார்களே என்று அவர்களைப் பாராட்டவும் தோன்றுகிறது. திருப்பூரில் தைத்த குழந்தைச் சட்டையில் அந்த முத்திரையைப் பார்த்தால் ஒதுக்கிவிட மாட்டேன், ஆனால் இரட்டை விலை கொடுக்க மாட்டேன்.

மூன்றாவது வழி, முத்திரையே இல்லாமல் விவசாயியிடம் நேரடியாக வாங்குவது. சட்டமும் இதை அனுமதிக்கிறது. சிறு உற்பத்தியாளர் தானே நேரடியாக நுகர்வோரிடம் விற்றால் சான்று தேவையில்லை. ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்னச் சந்தை கூடுகிறது. மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒருவர் கருப்பு கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, சாக்கில் சுற்றிய கீரைக்கட்டு, கொஞ்சம் காய்கறி எல்லாம் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருவார். பிப்ரவரியில் ஒரு நாள் வெண்டைக்காயை எடுக்கப் போனேன். “அது வேணாம்மா, வேற ஏதாவது எடுத்துக்கோங்க” என்றார்.

“ஏன்ணா, முத்திப் போச்சா?”

“இல்லம்மா. பூச்சி தாங்கல, வேப்பங்கொட்டைக் கரைசலுக்கும் அடங்கல. மருந்து அடிச்சிட்டேன். வேணும்னா மார்க்கெட் விலைக்கு எடுத்துக்கோங்க.”

அன்றைக்கு வெண்டைக்காயைக் கிலோ நாற்பதுக்கு விற்றுக்கொண்டிருந்தார், வழக்கமாக எண்பது. நான் வாங்கவில்லை. கவுனி அரிசியை மட்டும் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கினேன். எந்தப் பாக்கெட்டும் எனக்கு இப்படி ஒரு தகவலைச் சொன்னதில்லை. ஆனால் இதை எல்லாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. பக்கத்திலேயே இன்னொரு மேஜையில் பளபளவென்று ஒரே அளவில் தக்காளி வைத்துக்கொண்டு ‘எங்க தோட்டம்’ என்று சொன்ன பையனிடம் தோட்டம் எந்த ஊர் என்று கேட்டேன். போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். முகம் தெரிந்து ஆறு மாதமாவது பழகிய ஆளிடம்தான் இந்த வழி செல்லும். தெரியாத சந்தையில் இதைவிட பி.ஜி.எஸ். மேல்.

எந்த வழியானாலும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஆர்கானிக் சான்று என்பது வளர்த்த முறைக்கான சான்று. பாக்கெட்டில் துளி மருந்தும் இல்லை என்ற ஆய்வக அறிக்கை கிடையாது. பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வரும், வாய்க்காலில் வரும்.

எங்கள் முடிவு: அரிசியும் கீரையும் மதுராந்தகம் அண்ணாவிடம். பருப்பு, மிளகாய்த்தூள் மாதிரி அவரிடம் கிடைக்காதவை ஜைவிக் பாரத் முத்திரையோடு கடையில், அதுவும் சான்று தந்த அமைப்பின் பெயரும் எண்ணும் தெளிவாக இருந்தால் மட்டும். எண்ணெய் சாதா.

பட்டில் என்ன சரிபார்க்கலாம்

நாத்தனார் கல்யாணம் ஆவணியில். அதனால் காஞ்சிபுரம் பேச்சு வீட்டில் தினமும் ஓடுகிறது. பட்டுக்கு மூன்று முத்திரை; மூன்றும் மூன்று விஷயத்தைச் சொல்கின்றன, கடைகளில் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

சில்க் மார்க், மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்தது. நூல் சுத்தமான பட்டு என்பதற்கு மட்டும் அது உத்தரவாதம். விசைத்தறியில் நெய்த புடவையிலும் தொங்கும். சரிகையைப் பற்றி மூச்சு விடாது. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. கையால் நெய்தது என்பதற்கு அடையாளம், பட்டின் சுத்தத்துக்கு இல்லை. இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட் நம் ஊரிலேயே பிறந்தது: 2015 ஆகஸ்ட் 7 அன்று, முதல் தேசியக் கைத்தறி நாளில் சென்னையில் பிரதமர் தொடங்கிவைத்தார். நூல், சாயம், நெசவுத் தரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது, அதனால் கடைகளில் அபூர்வம். இவை போகக் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

எங்கள் கேள்வி நெசவாளிக்கு என்ன கிடைக்கிறது என்பது. மூன்று முத்திரையும் அதற்குப் பதில் சொல்வதில்லை. கைத்தறி முத்திரை இருந்தால் தறியில் ஒருவருக்கு வேலை இருந்தது என்று தெரியும், கூலி எவ்வளவு என்று தெரியாது. அதனால் பட்டு விஷயத்தில் சில்க் மார்க்கையும் கைத்தறி முத்திரையையும் ஏமாறாமல் இருப்பதற்காகப் பார்க்கிறேன், அதற்கென்று தனியாக விலை கொடுப்பதில்லை. வாங்குவது கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ என்று முடிவு. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் சங்கங்களிடமிருந்து கொள்முதல் செய்கிறது. இடையில் ஆள் குறைவு. மாமியாருக்கோ இந்த முத்திரை எதிலும் நம்பிக்கை கிடையாது. முந்தானை ஓரத்தில் இரண்டு இழை பிரித்துக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார். முடி கருகிய வாசனை வந்தால் பட்டு. கடைக்காரர்கள் முகம் சுளித்தாலும் தடுப்பதில்லை.

டீ, சாக்லேட், சோப்பு

இங்கே என் நம்பிக்கை சட்டென்று இறங்கிவிடுகிறது. தொழிலாளிக்குக் கூலி ஒழுங்காகக் கிடைத்ததா, காடு அழிந்ததா என்பதெல்லாம் டீத்தூளைக் கொதிக்க வைத்தால் தெரியப்போவதில்லை. காகிதம் மட்டும்தான் சாட்சி.

அந்தக் காகிதத்தின் கதியை யோசிக்கும்போதெல்லாம் கராச்சி நினைவுக்கு வரும். 2012 செப்டம்பரில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். சில வாரங்களுக்கு முன்னால்தான் அந்த இடத்துக்கு எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்று கிடைத்திருந்தது. முன்கூட்டித் தெரிந்து ஒரு நாள் வருகிற ஆய்வாளர் பார்ப்பது அந்த ஒரு நாளைத்தான்.

ஃபேர்டிரேட் நல்ல எண்ணத்தில் தொடங்கியது. குறைந்தபட்ச விலை, அதற்கு மேல் ஊர்ப் பொதுக் காரியத்துக்கு ஒரு தொகை. சொந்த நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு விலை சரியும்போது இது கைகொடுக்கும். ஆனால் அந்த விவசாயியிடம் கூலிக்குப் போகிறவர்? லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நான்கு வருடம் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், ஃபேர்டிரேட் சான்று பெற்ற பகுதிகளில் கூலியாட்களின் நிலைமை மேலாக இல்லை, பல இடங்களில் கூலி குறைவாகவே இருந்தது என்று எழுதினார்கள். ஃபேர்டிரேட் அமைப்பு அதை மறுத்தது. இரண்டு பக்கமும் படித்த பிறகு எனக்கு மிஞ்சியது: பணம் யார் வரைக்கும் போய்ச் சேருகிறது என்று முத்திரை சொல்வதில்லை.

பாமாயில், கோகோ, சர்க்கரை விஷயத்தில் இன்னொரு சிக்கல். சான்று பெற்ற சரக்கையும் பெறாத சரக்கையும் ஒரே தொட்டியில் கலந்துகொள்ள அனுமதி உண்டு. ஆவின் பால் மாதிரி யோசியுங்கள். பத்துப் பேர் நல்ல பால் ஊற்றுகிறார்கள், தொண்ணூறு பேர் ஏதோ ஒரு பால் ஊற்றுகிறார்கள், எல்லாம் ஒரே டேங்கரில். பத்துப் பங்கு பாக்கெட்டில் மட்டும் ‘நல்ல பால்’ என்று அச்சடிக்கிறார்கள். கணக்கில் தப்பில்லை, உங்கள் கையில் இருப்பது எந்தப் பால் என்று கடவுளுக்கே தெரியாது. ரேஷனில் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயிலில் எந்த முத்திரையும் கிடையாது, ஊரே அதில்தான் வடை சுடுகிறது. சோப்பில் பாமாயிலுக்காகப் போட்டிருக்கும் பனைமர முத்திரைக்கு நான் தனியாகக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றிவிட்டது.

நீலகிரித் தேயிலையில் தவளை முத்திரை வாங்கிய எஸ்டேட்டுகள் இருக்கின்றன. கோத்தகிரி, குன்னூர் பக்கம் சிறு விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடுவது பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு. அதைத் தீர்க்கும் முத்திரையை நான் இன்னும் பார்க்கவில்லை. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை நடத்தும் இண்ட்கோசர்வின் தூளை வாங்குகிறோம். விலையும் கம்மி. டிகாஷன் கொஞ்சம் லேசுதான், ஒரு ஸ்பூன் கூடப் போட வேண்டியிருக்கிறது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஷாம்பூவில் முயல்: அழகுசாதனப் பொருளை விலங்குகள் மேல் சோதிப்பதை இந்தியா 2014-லேயே தடை செய்துவிட்டது. இங்கேயே தயாரித்த ஷாம்பூ அந்த முயலுக்காக விலை கூட்டினால், சட்டத்தை மீறாததற்குச் சம்பளம் கேட்பது போல. நோட்டில் மரம்: அது எஃப்.எஸ்.சி., பொறுப்பாகப் பராமரித்த காட்டு மரம் என்பதற்கான முத்திரை. அதில் ‘மிக்ஸ்’ என்று போட்டிருந்தால் கலப்பு; விலை வித்தியாசம் இல்லாவிட்டால் எடுக்கலாம். அப்புறம் நம் அரசாங்கத்தின் ஈகோமார்க். 1991-லேயே வந்துவிட்டது, மண்பானைப் படம். அழகான யோசனை. கடையில் அந்தப் பானையைப் பார்த்தவர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். கம்பெனிகள் சீண்டவே இல்லை. கட்டாயமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. 2024-இல் புது விதிகள் போட்டிருக்கிறார்கள், பார்ப்போம். அதே 2024 அக்டோபரில் வந்த இன்னொன்று எனக்கு உபயோகமாகப் படுகிறது: ‘ஈகோ ஃபிரெண்ட்லி’, ‘கிரீன்’ என்று ஆதாரம் காட்டாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள். அந்த இலை படப் பருப்பைப் பற்றி நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பதிவு எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது.

இப்போது அந்த 2,000 எப்படிப் போகிறது என்றால், முதல் இரண்டரை மாதம் முழுக்க ஃபேனுக்கு. அதன் பிறகு மாதம் 1,100 அளவில் அரிசி, கீரை, பருப்பு. 600 புடவைக்கும் துணிக்கும் சேர்த்து வைக்கிறோம். டீக்கும் சோப்புக்கும் பூஜ்யம். மீதி முந்நூறும் ஃபேனில் மிச்சமாகிற முந்நூறும் ஏ.சி. உண்டியலில் விழுகிறது. தீபாவளி ஆஃபரில் வாங்கலாம் என்கிறார் கணவர். ஸ்டிக்கரில் முதலில் வருடத்தைப் பார்க்கும் வேலை என்னுடையது.